பின்வரிசையின் ஆமீன்

பிறை இன்றைக்குத் தெரியாமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்ட நஜாத், அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோன்பு மாதத்தை யாராவது தள்ளிப்போடச் சொல்லி வேண்டுவார்களா? பாலைவனத்துக்கு வடக்கே மேட்டுநிலத்தில் இருந்த போர்ஜ் நகரமே அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் கொத்தமல்லிக்கட்டுக்கும் உடைத்த பச்சைக் கோதுமைக்கும் இடித்துக்கொண்டு நின்ற பெண்கள், இன்றா நாளையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்த இரவுக்குச் சந்தேக இரவு என்று பேர் வைத்ததே அதனால்தானே. ஊருக்கு அந்தச் சந்தேகம் இனிப்பாக இருந்தது. நஜாத்துக்கு மட்டும் கசந்தது.

சங்கதி இதுதான். பிறை தெரிந்த இரவிலிருந்து மாதம் முழுக்கத் தலைநகரின் பெரிய பள்ளிவாசலில் நடக்கும் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை இந்த நோன்பிலிருந்து பலதட ஒலியில் ஒளிபரப்பப்போவதாகச் சேனல்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவருக்கும் பள்ளிக்குள் நிற்பதுபோல் இருக்குமாம். முன்னால் மூன்று தடம், பின்னால் இரண்டு, அடியில் அதிர்வுக்கென்று ஒன்று. பணக்காரர் வீட்டுப் பெட்டிக்கு அது விருந்து. நஜாத்தின் தொழிற்சாலை செய்து நாடெங்கும் விற்றிருந்த மலிவுச் செட்டாப் பெட்டிக்கு அது பாறாங்கல்.

சாட்டிலைட்டிலிருந்து ஒலி, ஒலியாகவே வருவதில்லை, கண்ணுகளா. இடம் போதாதென்று சுருக்கிக் காயவைத்து, வற்றல் மாதிரி அனுப்புவார்கள். எந்தச் சுருதி எவ்வளவு என்ற எண்களாக வரும். பெட்டிக்குள் இருக்கும் சிப் அதை ஊறவைத்து விரித்துக் காதுக்கு ஒலியாக்க வேண்டும். அந்த விரிப்புதான் பெரும்பாடு. இரண்டு தடம் வந்தவரை மலிவுச் சிப் முனகாமல் விரித்தது. இப்போது எல்லாத் தடத்தையும் விரி என்றால் படம் உறைந்துபோகிறது, இமாமின் குரல் விக்குகிறது. இத்தனைக்கும் ஏழை வீட்டு டி.வி.யில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். எத்தனை தடத்தை விரித்தாலும் கடைசியில் இரண்டாகக் கலந்துதான் ஒலிக்கப்போகிறது.

விற்ற பெட்டிகளைத் திரும்பக் கூப்பிட முடியாது. அவற்றின் மூளையைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு அப்டேட் அனுப்பச் சாட்டிலைட்டில் கொஞ்ச நேரம் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறையும் மக்ரிபுக்கும் நடுவில் ஒரு முறை, நாளைக் காலையில் ஒரு முறை. அந்த நேரத்தில் மின்சாரத்தில் இருக்கும் பெட்டியெல்லாம் தானாக இறக்கிக்கொள்ளும். போனது போனதுதான், வாயிலிருந்து விழுந்த சொல் மாதிரி.

அதில்தான் பயம். போன நோன்பில் அனுப்பிய அப்டேட் ஒன்றில், அவளோடு வேலை செய்யும் மொக்ரான் எழுதிய ஒரே ஒரு வரி பிசகி, மூன்று மாகாணத்துப் பெட்டிகள் சிவப்பு விளக்கோடு உறைந்துபோயின. ஆண்கள் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார்கள். முதலாளி சி லக்தர் நோன்பு வாயோடு வெயிலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள், இன்னொரு முறை இப்படி நடந்தால் இருக்கிற சரக்கையெல்லாம் உங்கள் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போவோம் என்று. அப்படிக் கொட்டினால் தொழிற்சாலை எழுந்திருக்காது. அன்றுதான் சி லக்தர் சட்டம் போட்டார். ஒரு முழுநாள் சோதிக்காத எதுவும் மேலே போகக்கூடாது. அனுப்பும் கடவுச்சொல்லில் பாதி நஜாத்திடம், பாதி மொக்ரானிடம். இருவர் கையும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

இந்த முறை அவர்கள் முன்கூட்டியே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பின்னால் இருக்கும் இரண்டு தடத்தையும் தொடவே வேண்டாம், முன்னால் இருக்கும் மூன்றை மட்டும் விரித்தால் போதும். அதைச் சோதிக்க அலுவலகத்தில் கிடைத்த பலதடப் பதிவெல்லாம் கால்பந்துதான். அந்த ஊரில் வேறு எதை யார் பதிந்துவைப்பார்கள்? பந்தாட்டத்தின் பின்தடத்தில் என்ன இருக்கும்? கூட்டத்தின் இரைச்சல். அது போனதும் வர்ணனையாளர் குரல் கண்ணாடி மாதிரி துலங்கியது. சி லக்தர் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டை நின்ற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். ஒரு முழுநாள் ஓடவிட்டுச் சோதித்து, கோப்பைத் தயாராக வைத்தாயிற்று.

அன்று வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைக்கு விடுமுறை. கீழே கோக்கும் வரிசையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. மொக்ரான் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான். நஜாத் மாடியில் தனியாக உட்கார்ந்து, புது மூளை போட்ட பெட்டியில் டி.வி.யை ஓடவிட்டிருந்தாள். தராவீஹுக்கு ஒத்திகையாகச் சேனல்காரர்கள் அன்றைய ஜும்ஆவையே பலதடத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவள் ஒரு கண்ணைச் சுமைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு காப்பி குடித்தாள். சிப் எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்டும் கோடு அது. பச்சையிலேயே இருந்தது.

குத்பா உரை முடிந்து இமாம் கையேந்தினார். மழை கேட்டார். நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் ஒன்றுமே வரவில்லை. நோயாளிகளுக்குச் சுகம் கேட்டார். மறுபடி நிறுத்தினார். மறுபடி ஒன்றுமில்லை. இறந்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டார்.

நஜாத் கோப்பையைக் கீழே வைத்தாள். கேமரா திரும்பியபோது பள்ளி நிறைய ஆட்கள் இருந்தார்கள், வாய்கள் அசைந்தன. அங்கே மைக் கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். பிறகு, வந்த எண்களை அப்படியே லேப்டாப்பில் விட்டு எல்லாத் தடத்தையும் விரித்து, ஹெட்ஃபோனைக் காதில் வைத்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஆயிரம் பேர் ஒரே மூச்சில் "ஆமீன்" என்றார்கள். கழுத்து சிலிர்த்தது. அடுத்த கணமே புரிந்துபோயிற்று.

பின்தடத்தில் இருந்தது இரைச்சல் இல்லை. சேனல்காரர்கள் இமாமை முன்னால் வைத்து, மக்களைப் பின்னால் வைத்திருந்தார்கள். நாட்டில் உள்ள ஏழை வீடுகளிலெல்லாம் இன்று இரவு இமாம் தனியாகக் கேட்கப்போகிறார், பதில் சொல்ல ஆளில்லாமல்.

சி லக்தர் தொழுதுவிட்டு நேராக அங்கே வந்தார். வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கூஸ்கூஸ் என்ற கோதுமைச் சோற்றுப் பாத்திரம் ஒரு கையில், மறுகையில் ஐந்து கரண்டிகள். அவர் பின்னாலேயே மொக்ரான், மேகம் கூடுகிறது, இன்று ஒருத்தனுக்கும் பிறை தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஏறிவந்தான். நஜாத் நடந்ததைச் சொன்னாள். பெரியவர் கேட்டுக்கொண்டே பாத்திரத்தைத் திறந்தார். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

"நாம தொழற மாலிகி வழியில ஆமீனை உள்ளுக்குள்ளதான் சொல்லணும், மகளே," என்றார். "சத்தம் போடறதெல்லாம் இப்ப வந்த பசங்க. நம்ம பெட்டி நம்ம வழிப்படி நடக்குதுன்னு வச்சுக்கோ."

மொக்ரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆமீன் சண்டையில்தான் அவனுடைய மாமா உள்ளூர்ப் பள்ளியை விட்டு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தொழுகிறாராம்.

நஜாத் சிரிக்கவில்லை. பதிவை முதலிலிருந்து போட்டாள், பெட்டி வழியாக. மழைக்கான வேண்டுதல் வந்தது. அந்த வருடம் மேட்டுநிலத்தில் மழையே இல்லை. விதைத்த கோதுமை விரல் உயரத்தில் நின்றுவிட்டிருந்தது. இமாம் குரல் உடைந்து கேட்டார். பதிலுக்கு வெறும் மௌனம். இரண்டாம் முறை கேட்டார். மௌனம். சி லக்தரின் கரண்டி பாதியில் நின்றது.

"எல்லாரும் எழுந்து போயிட்ட மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக.

நஜாத் ஹெட்ஃபோனை அவரிடம் கொடுத்து, முழு ஒலியைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கழற்றும்போது முகம் மாறியிருந்தது. உள்ளுக்குள்ளேயே சொல்லட்டும், சத்தமாகவே சொல்லட்டும், அது தொழுகிறவன் பாடு, சொன்னதை விழுங்கப் பெட்டிக்கு என்ன உரிமை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு நஜாத்தைப் பார்த்தார்.

"முடியுமா?"

"தெரியல, சி லக்தர். முயற்சி பண்றேன்."

அவர் நிபந்தனை வைத்தார். அனுப்பும் நேரம் முடிவதற்குள் புதியது தயாராகி, நஜாத்தும் மொக்ரானும் இருவருமே இது உறையாது என்று சொன்னால், முழுநாள் சட்டத்தை அவர் தளர்த்துவார். ஒருவர் தலையாட்டவில்லை என்றாலும் பழையதுதான் போகும், ஆமீன் இல்லாமலே. சொல்லிவிட்டு, கடைக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்ல எதிர் அறைக்குப் போய்விட்டார். கூஸ்கூஸ் ஆறிப்போய் மேசையில் கிடந்தது.

நஜாத் மனதில் ஒரு வழி இருந்தது. இத்தனை நாளாக எல்லாரும் செய்வது, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே விரித்துவிட்டுப் பிறகு இரண்டாகக் கலப்பது. ஏன் முதலிலேயே கலக்கக்கூடாது? வற்றலாக, எண்ணாக இருக்கும்போதே, எல்லாவற்றையும் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டாகக் கூட்டிவிட்டால், விரிக்க வேண்டியது இரண்டே இரண்டுதான். வீட்டில் இருக்கிற ஆளுக்கெல்லாம் தனித்தனியாக மாவு பிசைந்து, பிசைந்த உருண்டைகளைக் கடைசியில் ஒன்றாக அமுக்குவானேன்? மாவை முதலில் கொட்டி ஒரே தடவை பிசைந்தால் ஆயிற்று. அதிர்வுத் தடத்தை விட்டுவிடலாம், சின்ன ஸ்பீக்கரில் அது எப்படியும் கேட்காது. மீதி ஐந்து தடத்திலும் ஒன்றும் வீணாகாது. ஆமீனும் இருக்கும்.

மொக்ரான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதுவதை வரிவரியாகப் படித்தான். நல்ல கண் அவனுக்கு. போன வருடத்துக்குப் பிறகு அந்தக் கண் இன்னும் கூர்மையாகி, கையோ கோழையாகிவிட்டது. தன் வரியைத் தானே நம்பமாட்டான். நஜாத் இரண்டு இடத்தில் பிசகியதை அவன்தான் பிடித்தான்.

பெட்டியில் ஏற்றி ஓடவிட்டார்கள். சுமைக் கம்பி சரசரவென்று இறங்கிப் பச்சையின் அடியில் போய் நின்றது. முன்னால் இருந்த மூன்றை மட்டும் விரித்ததைவிடவும் குறைவு. மொக்ரான் விசிலடித்தான். இமாமின் குரல் தெளிவாக வந்தது. மழையைக் கேட்டார். நிறுத்தினார்.

ஆமீன் வந்தது. ஆனால் தகரத்தைக் கல்லில் இழுத்தாற்போல் வந்தது.

மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே. குரல் சுத்தம், ஆமீன் மட்டும் கரகரப்பு. கால்பந்துப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நஜாத்துக்குக் காது சூடாகியது. அஸர் பாங்கு எங்கிருந்தோ கேட்டது. இனி எந்நேரமும் அனுப்பும் கதவு திறந்துவிடும்.

"ஆமீன்ல மட்டும் பல்லைக் கடிக்குது, அக்கா," என்றான் மொக்ரான். "நம்மகூட ஏதோ பகை அதுக்கு."

பகை இல்லை, அளவு. எண்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோது புரிந்தது. ஒலியைச் சுருக்கி அனுப்புகிற இயந்திரம் அதைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. சீராக ஓடும் ஒலியை நீளத் துண்டாக வெட்டும். சட்டென்று வெடிக்கும் ஒலி வந்தால், அந்த நொடியைத் தவறவிடாமல் பிடிக்கக் குட்டித் துண்டாக வெட்டும். பந்தாட்ட இரைச்சல் எப்போதும் சீர், எல்லாமே நீளம். பள்ளிவாசலில் அப்படி இல்லை. முன்னால் இமாமின் மூச்சு நீளத் துண்டில் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் ஆயிரம் வாய் ஒரே நொடியில் திறக்கிறது, அங்கே மட்டும் குட்டித் துண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே மாதிரி விரித்தால்? கொண்டைக்கடலையையும் சேமியாவையும் ஒரே நேரத்தில் சூப்பில் போட்ட கதைதான். ஒன்று வேகாது, இன்னொன்று கூழாகிவிடும்.

சரி, துண்டுகள் பொருந்தாத நொடியில் மட்டும் பழையபடி ஒவ்வொன்றையும் தனியாக விரிப்போம் என்று மொக்ரான் சொன்னான். அதையும் எழுதிப் பார்த்தார்கள். கரகரப்பு போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு ஆமீனுக்கும் சுமைக் கம்பி எகிறிச் சிவப்பைத் தொட்டது, படம் அப்படியே நின்றது. இமாம் கையேந்தியபடி சிலையாக நின்றார். ஐந்தை ஒரே நேரத்தில் விரிக்க அந்தச் சிப்புக்கு வலுவில்லை.

எதிர் அறைக் கதவு திறந்து சி லக்தர் தலையை நீட்டினார். சாட்டிலைட்டில் கதவைத் திறந்துவிட்டார்களாம், மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்பு மூடிவிடுவார்களாம். ஒன்றும் கேட்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

நஜாத் எழுந்து ஜன்னலிடம் போனாள். மேட்டுநிலத்துக் காற்று தகரக்கூரையைப் பிடித்து ஆட்டியது. வானம் முழுக்கச் சாம்பல். நீளம் நீளத்தோடு, குட்டி குட்டியோடு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் விரல்கள் அவளுக்கு முன்னால் ஓடின.

நீளத் துண்டுகளை ஒரு குவியலாகக் கூட்டு. குட்டித் துண்டுகளைத் தனிக் குவியலாகக் கூட்டு. குவியலைத்தான் விரிக்க வேண்டும், தடத்தை அல்ல. விரித்த பிறகு இரண்டையும் சேர்த்துவிடு. எல்லாமே நீளமாக இருந்தால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஆமீன் வெடிக்கும் நொடியில் மட்டும் குவியல் கூடும், கூடினாலும் அடுத்த துண்டில் தானே அடங்கிவிடும்.

பெட்டியில் ஏற்றினார்கள். இமாம் மழையைக் கேட்டார். நிறுத்தினார். ஆமீன், முழுசாக, பின்வரிசையின் கடைசி ஆள் இழுத்துச் சொல்வது வரைக்கும், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் நிறைந்து வந்தது. சுமைக் கம்பி மேலே ஏறி, சிவப்பை எட்டிப்பார்த்துவிட்டு, தொடாமல் இறங்கியது. நஜாத் தன் பாதிக் கடவுச்சொல்லை அடித்துவிட்டு நாற்காலியை நகர்த்தினாள்.

மொக்ரான் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு குத்பா," என்றான். "ஒரே ஒரு குத்பாவைப் போட்டுப் பாத்திருக்கோம். சிவப்புக்கு நூலிழை தூரத்துல போயிட்டு வந்துச்சு, அக்கா. நாளைக்கு எவனாவது இன்னும் வேகமா ஆமீன் சொன்னா?"

அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டவே இல்லை. இன்று மேகம், பிறை தெரியாது, நோன்பு நாளை மறுநாள்தான், இப்போது ஒன்றையும் அனுப்ப வேண்டாம், இரவு முழுக்கச் சோதித்துக் காலையில் அனுப்பலாம் என்றான். இங்கே மேகம் இருந்தால் தெற்கே பாலைவனத்திலும் மேகமா என்று அவள் கேட்டாள். தமன்ராசெத்தில் ஒரே ஒரு ஆள் பிறையைப் பார்த்துச் சாட்சி சொல்லிவிட்டால் போதும், இன்று இரவே தராவீஹ். ஒன்றும் அனுப்பாமல் விட்டால் வீட்டுக்கு வீடு படம் நிற்குமே என்றாள். பயமாக இருந்தால் பழையதையாவது அனுப்பித் தொலைக்கலாமே என்றான் அவன்.

"உங்க கபாயில் மலைக்காரங்க தலை கல்லுத் தலைன்னு சும்மாவா சொன்னாங்க," என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அவன் அதற்குக் கோபப்படவில்லை. குரல்தான் தணிந்தது.

"போன வருஷம் வாசல்ல பையோட நின்னாங்களே, நீங்க மாடியில இருந்தீங்க. நான் கீழ இருந்தேன். ஒரு ஆளு என் கையில பெட்டியைக் குடுத்துட்டு, எங்கம்மாவுக்கு இதுதான் கடைசி நோன்புன்னான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

அவனைத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது என்று நஜாத்துக்கு அப்போது தெரிந்தது. இவன் கேட்பது துணிச்சல் இல்லை, உறுதி. சோதித்துச் சோதித்து அந்த உறுதி வராது. ஆயிரம் குத்பா ஓடினாலும் ஆயிரத்தோராவது என்ன செய்யும் என்றுதான் இவன் கேட்பான். அவள் மேசைமேல் கிடந்த கரண்டிகளை எடுத்து அவன் முன்னால் வரிசையாக வைத்தாள். ஐந்தும் ஐந்து தடம்.

எதை வேண்டுமானாலும் நீளமாக்கு, எதை வேண்டுமானாலும் குட்டியாக்கு, உலகத்திலேயே மோசமான ஆமீனைக் கொண்டுவா, எத்தனை விரிப்பு வருகிறது என்று நீயே எண்ணு என்றாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே எண்ணினான். எல்லாமே நீளம் என்றால் இரண்டு. எல்லாமே குட்டி என்றால் அதுவும் இரண்டு, பட்டாசு வெடித்தாலும் இரண்டுதான். கலந்து வந்தால், நீளக் குவியலில் இடது வலது, குட்டிக் குவியலில் இடது வலது. கரண்டிகளை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அவன் உதடு அசைவது நின்றது.

"நாலு," என்றான்.

"அதுக்கு மேல?"

"வராது. வரவே வழியில்ல." அவன் சுமைக் கம்பியைப் பார்த்தான். "நாலைத்தான் அது இப்ப தாங்குச்சு. அஞ்சுலதான் விழுந்துச்சு."

இன்று பார்த்தது தற்செயலாக நல்லபடியாக ஓடியது அல்ல, இருப்பதிலேயே மோசமானது. அதற்குமேல் ஒரு மோசம் கிடையாது. அவன் அதை இன்னொரு முறை தனக்குள் எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. எதிர் அறைக் கதவு திறந்தது. சி லக்தர் வாசற்படியில் வந்து நின்றார். மூடப் போகிறார்களாம். மொக்ரான் பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தன் பாதியை அடித்தான். ஒரு எழுத்து தப்பிப்போய், அழித்து, மறுபடி அடித்தான்.

கோப்பு மேலே போயிற்று. திரையில் அது போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வருவதற்கும் மேலே கதவு மூடுவதற்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விட நேரம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

மக்ரிபுக்குப் பிறகு மூவரும் அலுவலகப் பெட்டியிலேயே பிறைக் குழுவின் அறிவிப்பைப் பார்த்தார்கள். தெற்கே இரண்டு ஊர்களில் பிறை கண்டார்களாம். நாளை முதல் நோன்பு. மொக்ரான் தன் போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவைத்தான். கடைக்காரர்கள் அழைத்தால் அதில்தான் அழைப்பார்கள். சி லக்தர் இருவருக்கும் நோன்பு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாளை இந்த வாசலில் நான் நிற்கவேண்டியிருந்தால் நீங்களும் என்கூட நிற்க வேண்டும், ஆளுக்கொரு குடை கொண்டுவாருங்கள் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நஜாத் வீட்டுக்கு நடந்தே போனாள். தராவீஹுக்கு முந்திய இஷாத் தொழுகை முடிந்து தெருவில் ஆண்கள் குறைந்துவிட்டார்கள், எல்லாரும் பள்ளியில். குளிருக்கு ஜன்னல்களை முக்கால்வாசி சாத்தியிருந்தும், வீட்டுக்கு வீடு டி.வி. ஓடுவது கேட்டது. எல்லா வீட்டிலும் ஒரே இமாம், ஒரே ஃபாத்திஹா அத்தியாயம், முடிவில் ஆமீன் சொல்ல வேண்டியது. அது முடிகிற இடம் நெருங்க நெருங்க அவள் கால் தானாக நின்றுவிட்டது. இமாம் நிறுத்தினார்.

ஆமீன் முதலில் எதிர்வீட்டு மாடியிலிருந்து வந்தது. பிறகு மூலை வீட்டிலிருந்து, பிறகு தையற்கடைக்காரன் வீட்டிலிருந்து. தெருவே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தது. அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் இருந்த வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. அங்கே குரல் விக்கிக்கொண்டிருந்தது. இமாம் பாதிச் சொல்லில் நின்று, தாவி, மறுபடி நின்றார். உள்ளே ஒரு ஆண்குரல் பெட்டியைச் சபித்தது. அவள் யோசித்துக்கொண்டு நிற்காமல் கதவைத் தட்டினாள்.

மாவு ஒட்டிய கையோடு ஒரு நடுவயதுப் பெண் திறந்தாள். சாயங்காலம் பெட்டியை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவைத்திருந்தீர்களா என்று நஜாத் கேட்டாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்படியில் மிக்ஸிக்குப் பிளக் வேண்டியிருந்தது, பிடுங்கினேன், அது உனக்கு எப்படித் தெரியும் என்றாள்.

"அந்தப் பெட்டி செய்யற இடத்துல வேலை செய்யறேன், அக்கா."

"ஓ. போன நோன்புல உறைஞ்சதும் உங்க வேலைதானா?"

"ஆமா. அதுவும் நாங்கதான்."

அந்தப் பெண் ஒரு கணம் வாசலை மறித்துக்கொண்டே நின்றாள். பிறகு, வந்து நீயே சரிபண்ணிவிட்டுப் போ, உள்ளே ஒருத்தர் காலை உடைத்துக்கொண்டு கிடந்து என் உயிரை வாங்குகிறார் என்று வழிவிட்டாள். கூடத்தில் மாவுக்கட்டுப் போட்ட காலை மெத்தைமேல் நீட்டி, ஒரு பருத்த மனிதர் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் பள்ளிக்குப் போக முடியவில்லை, டி.வி.யும் இப்படிச் சதி செய்கிறது என்று அவளிடமே முறையிட்டார், அவள் யாரென்றுகூடக் கேட்காமல்.

அவள் புதிய கோப்பு இருந்த பென் டிரைவைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் செருகி, ரிமோட்டை வாங்கி ஏற்றினாள். திரை கருத்தது. முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. போன வருடம் எல்லா வீட்டிலும் எரிந்து அணையாமல் நின்ற அதே சிவப்பு. அந்தப் பெண் நஜாத்தின் முகத்தைப் பார்த்தாள். நஜாத் விளக்கைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக இமாம் தொழுகையின் அடுத்த சுற்றான ரக்அத்துக்கு எழுவது கேட்டது. விளக்கு அப்படியே இருந்தது. மாவுக்கட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

பச்சை வந்தது. பிறகு படம். இமாம் ஃபாத்திஹாவின் நடுவில் இருந்தார், விக்கல் இல்லாமல், இழுப்பு இல்லாமல். அந்தப் பெண், எதைத் தொட்டாய், எங்கே கெட்டிருந்தது என்று கேட்க வாயெடுத்தாள். நஜாத்தும் சொல்லத் தொடங்கினாள்.

மெத்தைமேல் இருந்தவர் கையை உயர்த்தி இருவரையும் பேசாமலிருக்கச் சொன்னார்.